சுனாமி எச்சரிக்கை ஊரை எட்டுவதற்கு: கடலோர ஊராட்சிகளுக்கான வழிமுறை

சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்பது கடலடியில் தொடங்கி ஊரின் கடைசி வீட்டில் முடியும் ஒரு தொடர். அதன் முதற்பாதியை அறிவியல் நிறுவனங்கள் இயக்குகின்றன, பிற்பாதியை அந்தந்த ஊரே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு இந்தப் பிற்பாதியைப் பற்றி எழுதப்படவில்லை. சோழமண்டலக் கரையின் ஓர் ஊராட்சி அதை எவ்வாறு படிப்படியாக அமைக்கலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில், வரவிருக்கும் தகவலின் தன்மையை ஊர்ப் பொறுப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 பேரழிவுக்குப் பின், ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007ஆம் ஆண்டு முதல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இரவு பகலாக இயங்கி வருகிறது. நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் அதன் இடம், ஆழம், அளவு ஆகியவற்றைக் கணித்து, முன்கூட்டியே கணினியில் செய்து வைத்த அலைக் கணக்கீடுகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கையை அது வெளியிடுகிறது. அதன்பின், கடலடித் தரையில் வைக்கப்பட்டு, மேலே உள்ள நீரின் எடை மாற்றத்தை உணர்ந்து மிதவை வழியாகச் செய்தி அனுப்பும் அழுத்தமானிகளும், துறைமுகங்களில் உள்ள கடல்மட்ட அளவிகளும் அலை உண்மையில் கிளம்பியதா என்பதை உறுதிப்படுத்துகின்றன. இந்த உறுதிப்பாடு தேவையாக இருப்பதற்குக் காரணம், பெரிய நிலநடுக்கங்கள் எல்லாம் பேரலையை எழுப்புவதில்லை என்பதுதான்: 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிகழ்ந்த நடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றிக் கடற்படுகையைப் பெரிதாக மேலே தள்ளவில்லை; ஆகவே எழுந்த அலைகளும் சிறியவையாகவே இருந்தன.

அறிக்கைகள் மூன்று நிலைகளில் வரும். ‘எச்சரிக்கை’ என்றால் தாழ்வான கரைப்பகுதி முழுவதையும் காலி செய்ய வேண்டும். ‘உஷார்’ என்றால் கடற்கரையையும் முகத்துவாரங்களையும் விட்டு விலக வேண்டும். ‘கண்காணிப்பு’ என்றால் அடுத்த அறிக்கைக்காக ஆயத்தமாகக் காத்திருக்க வேண்டும். எந்த நிலைக்கு எது செய்வது என்பதை ஊரில் குறைந்தது பத்துப் பேராவது மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது.

அடுத்தது நேரக் கணக்கு. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் ஓடும் அலை, பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டராகக் குறைந்து, அந்த வேகக் குறைவாலேயே உயரத்தில் எழும்புகிறது. 2004இல் சுமத்ரா அருகே இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு நில அதிர்வு தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தின் அளவி 9.05 மணியளவில்தான் முதல் அலையைப் பதிவு செய்தது. ஆக, தமிழகக் கரைக்குக் கிடைக்கக்கூடிய அவகாசம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதில் அறிக்கை தயாராவதற்கும், மாநிலம், மாவட்டம், வட்டம் என்று அது இறங்கி வருவதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவதே ஊருக்குரியது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு இந்த அவகாசம் இல்லை. அங்கே நிற்க முடியாதபடி அல்லது நீண்ட நேரம் நிலம் ஆடினால் அந்த ஆட்டமே எச்சரிக்கை. சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவினர் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை வாய்மொழியாகக் காத்துவந்ததால், 2004இல் நிலம் ஆடி நின்றதும் எவருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏறினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் மிகச் சிலரே.

இனி ஊரின் வேலை. முதற்படியாக ஊரின் வரைபடம் ஒன்றைப் பெரிய தாளில் வரைந்து, 2004இல் நீர் எட்டிய எல்லையை முதியவர்களிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். முகத்துவாரம், உப்பனாறு, வாய்க்கால் ஆகியவற்றின் வழியே நீர் கரையைவிட அதிக தூரம் உள்ளே ஏறும் என்பதால், கடலிலிருந்து தொலைவில் இருக்கும் தெருக்களையும் விட்டுவிடக் கூடாது. தனியே வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளை அதே வரைபடத்தில் அடையாளமிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டார் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

இரண்டாவது, தகவலைப் பெறும் வழி. ஒரே ஒருவரின் கைபேசியை நம்பியிருக்கும் ஊருக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஊராட்சித் தலைவர், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார், பள்ளித் தலைமையாசிரியர், சுகாதார நிலையப் பணியாளர் என வெவ்வேறு இடங்களில் இருப்போரின் எண்கள் மாவட்ட அவசரகால மையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இரவில் யார் விழித்திருப்பது என்ற முறையும் வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்டறிய மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்ற எண்கள் உள்ளன.

மூன்றாவது, பரப்பும் வழி. மொத்த ஏற்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. 2004இல் புதுச்சேரியின் நல்லவாடு கிராமம் தப்பியது எந்தச் செயற்கைக்கோளாலும் அன்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தியை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே ஊருக்கு அறிவித்தது. அந்த ஒலிபெருக்கி வழக்கமாக அலை உயரத்தையும் வானிலையையும் சொல்லிவந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அன்றாடம் பயன்படும் கருவி பழுதாகிக் கிடக்காது, அதன் குரலை மக்களும் நம்புவார்கள். பேரிடருக்கென்றே நிறுவப்பட்டு மூடிவைக்கப்படும் சங்கு உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தேவையான நாளில் ஊமையாகிவிடுகிறது. எனவே கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளையும் ஏலக்கூடத்து ஒலிபெருக்கியையும் இந்த ஏற்பாட்டில் இணைத்து, மின்சாரம் நின்றாலும் இயங்கும்படி மின்கலமோ கையால் சுற்றும் சங்கோ வைத்திருப்பதே உகந்தது.

சங்கொலி மட்டும் போதாது. 1960இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தால் எழுந்த அலை ஹவாயின் ஹிலோ நகரை அடைவதற்குப் பல மணி நேரம் முன்பே சங்குகள் ஒலித்தன. ஆயினும் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரியாததால் அவர்கள் வீடுகளிலேயே இருந்தார்கள், சிலர் அலையைப் பார்க்கவும் போனார்கள். 61 பேர் இறந்தார்கள். ஆகவே சங்கைத் தொடர்ந்து வாசிப்பதற்கான அறிவிப்பை அமைதியான நாளிலேயே எழுதி, ஒலிபெருக்கி அருகில் ஒட்டிவைக்க வேண்டும்: “சுனாமி எச்சரிக்கை வந்துள்ளது. கீழத்தெரு, நடுத்தெரு மக்கள் அனைவரும் உடனே மேல்நிலைப் பள்ளிக்கு நடந்து செல்லவும். கடற்கரைக்கு எவரும் போக வேண்டாம்.” தெருப் பெயர்களையும் இடத்தையும் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், அலையின் உயரத்தை மட்டும் சேர்க்கக் கூடாது. 2011இல் ஜப்பானில் முதல் அறிவிப்பு இவாத்தே மாகாணத்துக்கு மூன்று மீட்டர் என்று சொன்னது. வந்த அலை அதைப் பல மடங்கு மிஞ்சியது. அந்த அனுபவத்துக்குப் பின், மிகப் பெரிய நிலநடுக்கங்களில் முதல் அறிவிப்பில் எண்ணுக்குப் பதிலாக ‘மிகப் பெரியது’ என்றே சொல்லும்படி அந்நாடு தன் முறையை 2013இல் மாற்றிக்கொண்டது.

வெளியேறும் வழிகளைப் பொறுத்தவரை, காவிரிக் கழிமுகம் போன்ற சமநிலத்தில் குன்றுகள் கிடையா. உறுதியான மாடிக் கட்டடமோ, புயல் பாதுகாப்பு மையமோ, நீர் எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியோதான் புகலிடமாகும். வழி ஒரே பாலத்தைக் கடந்து செல்லுமானால் இருசக்கர வண்டிகளுக்குத் தடை விதிப்பது அவசியம்; ஒரு வண்டி நின்றால் ஊரே நின்றுவிடும்.

கடலில் இருக்கும் படகுகளுக்கான விதி இதற்கு நேர்மாறானது. ஆழ்கடலில் சுனாமி படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும், கரையருகேதான் கவிழ்க்கும். ஆதலால் நூறு மீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு, அதாவது மீனவர் கணக்கில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து பாகத்துக்கு விலகிச் செல்லும்படி வயர்லெஸ் வழியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கரையில் கட்டியுள்ள படகைக் காப்பாற்ற ஓடுவதோ, முதல் அலை வடிந்ததும் வலையைத் தேடிப் போவதோ கூடாது. அலைகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரையிலான இடைவெளியில் அடுத்தடுத்து வரும். ஹிலோவை நொறுக்கியது மூன்றாவது அலை.

திரும்புவதற்கான அறிவிப்பை, எச்சரிக்கையைச் சொன்ன அதே ஒலிபெருக்கியில், மாவட்ட நிர்வாகத்திடமிருந்து உறுதி பெற்ற பின்னரே, அதே பொறுப்பாளர் சொல்ல வேண்டும். இவை அனைத்தையும் ஒத்திகையில் சோதிக்க ஐக்கிய நாடுகள் அறிவித்துள்ள உலக சுனாமி விழிப்புணர்வு நாளான நவம்பர் 5 வசதியானது. யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலை அங்கீகாரம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஒத்திகையைக் கோருகிறது. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்னும் இரு கிராமங்கள் 2020இல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றன. ஒத்திகையின்போது சங்கு ஒலித்த நேரத்தையும் கடைசி ஆள் புகலிடம் சேர்ந்த நேரத்தையும் குறித்துவைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள் எந்தத் தெருவில், எந்தப் பாலத்தில் கழிந்தன என்பதைப் பார்த்து வழியை மாற்றியமைக்க வேண்டும்; ஒத்திகைகளில் ஒன்றாவது இரவில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடத்தப்பட வேண்டும்.