பெயரில்லாத 36 பட்டன்கள்

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சென்னையில் வங்கி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. மாதம் இரண்டு தடவையாவது ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறேன். வாட்ஸ்அப், பணம் அனுப்புவது, மளிகை ஆர்டர் எல்லாம், போன் திரையில் உள்ளதைப் பேசிச் சொல்லும் டாக்பேக் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். பஸ் டிக்கெட் மட்டும் கைகூட மாட்டேன் என்கிறது. ஊர், தேதி, பஸ் வரை வந்துவிடுவேன். சீட் எடுக்கும் இடத்தில் ‘அன்லேபிள்ட் பட்டன்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறது. கடைசியில் அண்ணனுக்குத்தான் போன் போட வேண்டியிருக்கிறது. டாக்பேக்கை நான் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையா? பேசாமல் ரயிலுக்கே மாறிவிடலாமா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்: ‘நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையா’ என்ற அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். பஸ் வரைக்கும் தனியாக வந்து சேர்ந்தவர் நீங்கள். அதற்கு அடுத்த திரையில் உங்களுக்காக யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும் பார்வை இல்லை. செயலிகளைச் சோதித்துப் பிழை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் திரையில் நானும் நின்றிருக்கிறேன்.

டாக்பேக் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. பட்டனுக்குப் பின்னால் நிரல் எழுதியவர் வைத்த பெயரைத்தான் எடுத்துச் சொல்கிறது. ‘தேடு’ என்று எழுத்து போட்ட பட்டனுக்கு அந்த எழுத்தே பெயராகிவிடும். வெறும் கட்டமாகவோ படமாகவோ இருக்கும் பட்டனுக்கு அவர் தனியாகப் பெயர் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்கென்றே ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’ என்று ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டால், 36 படுக்கை உள்ள பஸ்ஸில் 36 முறை ‘அன்லேபிள்ட் பட்டன்’ கேட்கும். சில செயலிகளில் பஸ்ஸின் முழுப் படத்தையும் ஒரே ஓவியமாகப் போட்டுவிடுகிறார்கள். அங்கே விரலுக்கு அதுகூடத் தட்டுப்படாது.

கேட்க வேண்டியது என்ன தெரியுமா? ‘எல் 7, கீழ்ப்படுக்கை, ஜன்னலோரம், 850 ரூபாய், காலி.’ இவ்வளவுதான். இந்த விவரமெல்லாம் செயலியின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கட்டத்துக்கு நிறம் கொடுத்திருக்கவே முடியாது. அதைச் சொல்லாகவும் கோத்துவிடுவது பெரிய வேலை இல்லை.

நிறம் என்றதும் இன்னொன்று. பெண்கள் எடுத்த சீட்டை இளஞ்சிவப்பில் காட்டுகிற செயலிகள் பல. பக்கத்தில் பெண்தான் இருக்கிறார் என்று பார்த்து சீட் எடுக்க, பார்வையுள்ள பெண்ணுக்கு அந்த நிறம் உதவுகிறது. ராத்திரி முழுக்கத் தனியாகப் போகும் உங்களுக்கு அந்தச் சேதி அதிகமாகவே தேவை. அது நிறத்தில் மட்டும் இருப்பதால் உங்களிடம் வந்து சேரவில்லை. எனக்கு ஆற்றாமை அதிகம் வருவது இங்கேதான். நிறத்தை மட்டும் நம்பிச் சேதி சொல்லக் கூடாது என்பது உலகம் முழுக்க இணையத்துக்கு வகுத்த அணுகல் விதிகளில் உள்ள பழைய விதி.

பெயர் இருந்தாலும் அது அரைகுறையாக இருந்தால் ஆபத்து. ஒருமுறை ஒரு செயலியில் தேதி எடுத்தேன். நாட்காட்டி ‘12’ என்று மட்டும் சொன்னது, மாதத்தைச் சொல்லவில்லை. விரல் ஒரு திரை தள்ளிப் போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. பெட்டியோடு பஸ் ஏறிய பிறகு, “சார், இது அடுத்த மாசத்து டிக்கெட்” என்றார் நடத்துநர். அன்று ராத்திரி பேருந்து நிலையத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து, பணம் கட்டும் முன் வரும் விவரத் திரையை ஒவ்வொரு வரியாகக் கேட்காமல் நான் மேலே போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ரயிலுக்கு மாறலாமா என்றால், தாராளமாக. ரயில் முன்பதிவில் உங்களிடம் பெட்டியின் படத்தைக் காட்டி இடம் எடுக்கச் சொல்வதில்லை. கீழ்ப்படுக்கையா, மேல்படுக்கையா என்று ஒரு பட்டியலில் கேட்கிறார்கள், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். படம் இல்லாமலே கோடிக்கணக்கானோர் இப்படித்தான் படுக்கை வாங்குகிறார்கள். ஆகவே ‘பஸ்ஸின் படத்தை வாயால் எப்படிச் சொல்வது’ என்று எந்த நிறுவனமாவது உங்களிடம் கேட்டால், பட்டியலாகக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. பார்வை முற்றிலும் இல்லாதவருக்கும் உடன் வருபவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை இருக்கிறது. ரயில்வே தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் இணையத்திலேயே சலுகை டிக்கெட் எடுக்கலாம். தனி ஒதுக்கீட்டில் படுக்கையும் கேட்கலாம். அட்டை இன்னும் வாங்கவில்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் உங்களுக்குத் தோதான வண்டி. தட்கல் மட்டும் பாடுதான். முன்பதிவு திறப்பது ஏசிக்கு காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகிற டிக்கெட்டுக்கு நடுவே எங்காவது படத்தில் எழுத்தைக் காட்டி ‘இதைத் தட்டச்சு செய்’ என்று கேப்சா குறுக்கே வந்தால், நம் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

பஸ்ஸில்தான் போயாக வேண்டும் என்கிற நாட்களுக்குச் சில வழிகள். செயலி மக்கர் செய்தால், அதே நிறுவனத்தின் இணையதளத்தைக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்துத் திறந்து பாருங்கள். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருப்பார்கள், சில நேரம் தளம் நன்றாகப் பேசும். மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் வரும் டாக்பேக் மெனுவில், சில பட்டன்களுக்கு நாமே பெயர் சேர்க்கும் வசதி இருக்கிறது. ‘வடிகட்டி’, ‘பின்னே போ’ மாதிரி மாறாத பட்டன்களுக்கு அது கைகொடுக்கும். பஸ்ஸுக்கு பஸ் மாறும் சீட்டுக்கு உதவாது. திரையைப் படமாக எடுத்து செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். காலி சீட் எது என்று அது ஊகித்துச் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாரிடம் உதவி கேட்டாலும் சீட் வரைக்கும் போதும். ஓடிபியும் பின் நம்பரும் உங்கள் விரலோடு இருக்கட்டும்.

ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, சேவை தருவோர் அரசோ தனியாரோ யாராக இருந்தாலும், விதிகள் வந்த இரண்டே ஆண்டில் அணுகல் வசதி செய்யச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. செயலிகளுக்கான இந்தியத் தரமும் ஐஎஸ் 17802 என்ற எண்ணில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றே தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்குகளில் ஒன்றைத் தொடுத்தவர் பார்வையற்ற ஒரு வழக்கறிஞர். அந்த 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அதன் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.

எனவே புகார் எழுதுங்கள். ‘உங்கள் செயலி எங்களுக்கு வசதியாக இல்லை’ என்று எழுதினால் ‘வருந்துகிறோம்’ என்று பதில் வரும், அதோடு சரி. போன் மாடல், செயலியின் பதிப்பு எண், எந்தத் திரை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். டாக்பேக் குரலோடு திரையைப் பதிவு செய்து இணையுங்கள். அந்த ‘அன்லேபிள்ட் பட்டன்’ வரிசையை ஒரு நிமிடம் அவர்களும் கேட்கட்டும். பதில் இல்லையென்றால் அதையே டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு அனுப்பலாம். சரிசெய்துவிட்டோம் என்று சொன்னாலும் இரண்டு மூன்று அப்டேட் வரை சோதித்துப் பாருங்கள். சரியான பட்டன் அடுத்த அப்டேட்டில் மறுபடி ஊமையாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் புகாரின் நகலை ஆசிரியர் வழியாக எனக்கும் அனுப்புங்கள். அதே திரையை என் போனில் திறந்து கேட்டுவிட்டு, நானும் ஒரு புகார் போடுகிறேன்.