ஒரு சொல்லும் அதன் உறவும்

சிரஞ்சீவி மருமானுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. ‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள்ள அர்த்தங்களையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதி நெட்டுருப் போடத் தொடங்கியிருப்பதையும், பாதி வழியிலேயே மனம் சோர்ந்துபோனதையும் எழுதியிருந்தாய். உன் சிரத்தை எனக்குப் பரம சந்தோஷத்தைத் தருகிறது. ஆயினும் அந்த வேலையை இன்றோடு விட்டுவிடு. காரணத்தையும் சொல்கிறேன்.

1857-ல் லண்டன் மொழியியல் சங்கத்தாரின் யோசனையில் உதித்து, 1884-ல் முதற்பகுதி வெளிவந்து, தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915-ல் காலமான பின்னும் தொடர்ந்து, 1928-ல் பூர்த்தியான ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லும் எக்காலத்தில் எப்பொருளில் வழங்கிற்று என்பதை மேற்கோள்களால் நிரூபிக்கும் சரித்திர நூல். அதில் நெடுங்காலம் ‘செட்’ என்ற சொல்லே மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்தது. பின்னர், அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ‘ரன்’ என்ற வினையை மட்டும் ஆராய்ந்து சீர்செய்ய ஒன்பது மாதம் உழைத்து, 645 பொருள்களாக வகுத்தார். வாழ்நாளைச் சொல்லாராய்ச்சிக்கே அர்ப்பணித்த பண்டிதருக்கே அத்தனை காலம் பிடித்ததென்றால், அதைப் பட்டியலாக விழுங்குவது வீண் பிரயாசை அல்லவா?

காலால் விரைந்து போவதே அச்சொல்லின் ஆதிப் பொருள். ஆற்று நீருக்கும் அது பொருந்திற்று; யந்திர யுகம் பிறந்ததும் ரயிலுக்கும் ஆலைக்கும் பொருந்தி, யந்திரத்தை ஓட்டுபவன்போல் கடையையோ கம்பெனியையோ நிர்வகிப்பவனுக்கும் உரியதாயிற்று. சாயம் அதற்கு எழுவாயானால் துணியில் கசிந்து பரவுவது. மூக்கு எழுவாயானால் ஜலதோஷம். வங்கியின்மீது ‘ரன்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால், போட்ட பணத்தைத் திரும்பப் பெற ஜனங்கள் பீதியுடன் திரள்வது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளன் ‘ஓடுகிறான்’, இங்கிலாந்துக்காரனோ ‘நிற்கிறான்’ என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ‘இன்ட்டு’ சேர்ந்தால் நண்பனைத் தற்செயலாகச் சந்திப்பதாகவும், ‘ஓவர்’ சேர்ந்தால் வண்டியை அவன்மீது ஏற்றிவிடுவதாகவும் ஆகிவிடுமாதலால், பின்னால் வரும் சிறு சொல்லை ஒருபோதும் அலட்சியம் செய்யாதே.

ஆகவே அச்சொல்லைத் தனியே நிறுத்தி அர்த்தம் கேட்காமல், எழுவாய் எது, செயப்படுபொருள் எது, துணையாக வந்த சிறு சொல் எது என்று பார். படம் நூறு நாள் ஓடிற்று, கடியாரம் ஓடவில்லை, கவலையில் வேலையே ஓடவில்லை என்றெல்லாம் நம் வீட்டில் பேசுவதை நீ பட்டியல் போட்டா கற்றாய்? நல்ல ஆங்கில உரைநடையை நாள்தோறும் படி. அச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் வாக்கியம் முழுவதையும் எழுதிக்கொள். அர்த்தத்தை முதலில் நீயே ஊகித்து, அதன்பின் அகராதியைப் புரட்டு. அவ்வாறு சேர்த்த வாக்கியங்களில் உனக்குச் சந்தேகமானவற்றை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு, இருவருமாகப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் மாமா