விட்டுப்போன ஒரு சொல்

"மூல உயிரணு ஆராய்ச்சியைத் திருச்சபை எதிர்க்கிறது" என்று பத்திரிகைகளில் பலமுறை வாசித்திருப்போம். "நோயாளி குணமடைவதைத் தாய்த் திருச்சபை தடுக்குமா?" என்று பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் என்ன விடை சொல்வார்கள்? அதை இன்று கற்றுக்கொள்வோம்.

'ஸ்டெம் செல்' எனப்படும் மூல உயிரணு, உடலின் வேறு உயிரணுக்களாக மாறவல்லது. அதைப் பெற முக்கியமாக இரு வழிகள் உண்டு. ஒன்று, பிறந்த மனிதரின் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் எடுப்பது. இதற்காக எவருடைய உயிரையும் பறிக்க வேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை இவ்வகையைச் சேர்ந்தது. அதில் முன்னோடியான டாக்டர் டானல் தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெற்றார். மற்றொன்று, உண்டாகிச் சில நாட்களே ஆன மனிதக் கருவிலிருந்து எடுப்பது. 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் இவ்வகை அணுக்களைப் பிரித்து வளர்த்தார். இதில் கரு அழிகிறது.

முந்தியதைத் திருச்சபை ஏற்கிறது, பிந்தியதையே மறுக்கிறது. 2008-ல் வத்திக்கான் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் பெர்சோனே' என்னும் போதனை இதைத் தெளிவாக்குகிறது. செய்தித் தலைப்பிலோ 'கரு' என்ற ஒரு சொல் விட்டுப்போகிறது. அது போனதும், கருவின் உயிருக்காகப் பரிந்து பேசுபவர் நோயாளியின் பகைவராகத் தோன்றுகிறார்.

பணச் செய்தியிலும் இப்படியே. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், அதுவரை கருவிலிருந்து எடுத்து வளர்த்திருந்த அணுக்களின் ஆராய்ச்சிக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் என்று வரையறுத்தார். தனியார் பணத்தை அவர் தடுக்கவில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்கே தடை என்ற எண்ணம் பரவிற்று. 2009-ல் அதிபர் ஒபாமா அவ்வரையறையை நீக்கினார். இதற்கிடையே 2004 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் 300 கோடி டாலருக்கு இசைந்தனர்.

அந்நாட்களில் தென்கொரிய விஞ்ஞானி ஹ்வாங் ஊசுக், குளோனிங் முறையில் உண்டாக்கிய மனிதக் கருவிலிருந்து மூல உயிரணு எடுத்ததாக 2004-லும் 2005-லும் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. 2006 ஜனவரியில் அது பொய் என்று சியோல் தேசியப் பல்கலைக்கழக விசாரணைக் குழு கண்டது. அதே ஆண்டு ஜப்பானில் ஷின்யா யமனாகா, சுண்டெலியின் தோல் அணுவையே மூல உயிரணு போல மாற்றினார். 2007-ல் மனித அணுவிலும் அதைச் செய்தார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒருவர் பொய் சொன்னதால், கரு ஆராய்ச்சி செய்வோர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று பேசலாகாது. அது எட்டாம் கற்பனைக்கு விரோதம். அன்றியும், அந்த ஆராய்ச்சி பலன் தராது என்பதல்ல நம்முடைய நியாயம். நாளை அது பலன் தந்தாலும், ஒருவர் பிழைக்கக் குற்றமற்ற இன்னொருவரைக் கொல்லலாகாது என்ற ஐந்தாம் கற்பனை மாறாது.

நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய், அரைகுறைச் செய்தியை நம்பி, ஆகுமான சிகிச்சையையும் பாவம் என்று அஞ்சிவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜை தானம் பாவமல்ல, சிறந்த பிறரன்புச் செயல்.

இவ்வாரத் தீர்மானம்: இத்தகைய செய்தியை வாசிக்கும்போது, "இந்த அணு யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? அதற்காக ஓர் உயிர் அழிக்கப்பட்டதா?" என்று கேட்போம். விடை தெரியுமுன் பிறரிடம் பரப்பமாட்டோம்.