பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா?



1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் அவர்களுக்கு மிச்சமானது. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து தாம்பரம் ரயிலடிக்குப் போகும் நமக்கும் சைக்கிள் உதவும். உள்கடனில் பழைய சைக்கிள் வாங்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை:

1. பிரேமில் விரிசலோ, வெல்டிங் வைத்த தழும்போ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மற்ற பாகங்களைச் சுலபமாக மாற்றலாம்.

2. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஆடினால் பெண்டு எடுக்கணும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

3. பிரேம் நம்பரும் ரசீதும் ஒத்துப்போகணும். ரசீது இல்லேன்னா வாங்காதீங்க. திருட்டு சைக்கிளாக இருந்தால் வண்டியும் போகும், கடன் மட்டும் நிற்கும்.

கடன் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் ரிப்பேருக்கும் ஒரு பங்கு வையுங்கள். பெயிண்ட், சீட் கவர் அப்புறம். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் காப்பது பிரேக்கும் டயரும்தான், அவை முதலில். தேய்ந்த செயினை மாற்றும்போது பின்சக்கரப் பல்லையும் பாருங்கள். பழைய பல்லில் புதுச் செயின் நழுவும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுவோம்.