புறக்கடை அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

சமையலறைக்கு எரிவாயு வந்துவிட்ட பின்னரும், பெருந்துறை வட்டாரத்தில் புறக்கடை அடுப்பின் தேவை நீங்கிவிடவில்லை. குளிப்பதற்கு வெந்நீர், பாவுக்குக் கஞ்சி, விசேஷ நாட்களில் பெரும்பானைச் சோறு ஆகியவற்றிற்கு அதுவே உதவுகிறது. மஞ்சளுக்கு நீராவி இயந்திரங்கள் வந்துள்ள போதிலும், சிறு அளவில் கொப்பரையில் வேகவைப்போருக்கும் அது வேண்டும். இத்தகைய அடுப்பை வாங்குவதிலும் கட்டுவதிலும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இங்கு ஆராய்வோம்.

மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகு தரும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. ஆகவே நல்ல அடுப்பு என்பது பார்வைக்கு அழகானது அன்று. குறைந்த விறகில், குறைந்த புகையில், நெடுநாள் உழைப்பதேயாகும்.

1. காற்று வழி: தீக்குக் காற்று அடியிலிருந்து வரவேண்டும். இரும்புச் சல்லடையும், அதன் கீழே சாம்பல் அள்ள இடமும் இருத்தல் அவசியம். சாம்பல் அடைத்த அடுப்பு புகையும்.

2. பொருள்: மெல்லிய தகட்டு அடுப்பு அனலில் வளைந்து, மழையில் துருப்பிடித்து, விரைவில் ஓட்டையாகும். கனமான தகடா என்று தூக்கிப் பார்த்து, பற்றவைத்த இணைப்புகளையும் சோதித்து வாங்குக. கட்டுவதாயின், தட்டினால் மணியோசை தரும் நன்கு வெந்த செங்கல்லைத் தேர்க. தீப்படும் உட்புறத்தில் சிமென்டுப் பூச்சு உதிரும். மணலும் உமியும் கலந்த களிமண்ணே ஏற்றது. ஈரம் ஊறிய ஆற்றுக் கற்கள் சூட்டில் வெடித்துச் சிதறக்கூடும்; அவற்றை விலக்குக.

3. பொருத்தம்: பாத்திரத்திற்கும் அடுப்புச் சுவருக்கும் இடையே ஒரு விரற்கடைக்கு மிகாத இடைவெளி போதும். மிகுந்தால் அனல் வீணாகும். அறவே இல்லையேல் தீ மூச்சடைக்கும். மஞ்சள் கொப்பரையில் அனல் எங்கும் ஒருசீராகப் படவேண்டும். வேக்காடு மிகுந்தால் நிறம் கெடும். குறைந்தால் காய்ந்த மஞ்சள் நொறுங்கும். இரண்டும் விலையைக் குறைக்கும்.

4. இடம்: பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசுகிறது. ஆதலால் அடுப்பு வீட்டிற்கும் ஓலைச் சாளைக்கும் கிழக்கே, தள்ளி இருக்கட்டும். தறிக்கூடத்திற்கும் நூல் சிப்பங்களுக்கும் அருகில் அமைத்தல் கூடவே கூடாது. அடுப்பின் வாய் மேற்கு நோக்கினால் தீ கலையும். கிழக்கு நோக்கினால் எரிப்பவர் முகத்தில் புகை அடிக்கும். வடக்கோ தெற்கோ நோக்குதல் நன்று.

5. எரிபொருள்: தென்னை மட்டையும் பருத்தி மாரும் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் கழிவு நூலையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கலாகாது. அவற்றின் புகை நஞ்சாகும். கனலும் கரியை மூடிய அறைக்குள் கொண்டு செல்வது உயிருக்கே ஆபத்து.

அடுப்புப் புகையால் பெரிதும் துன்புறுவோர் பெண்களும் குழந்தைகளுமே. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வகுத்து, 1953-இல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். இந்திய அரசு 1983-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் சீர்திருத்த அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனால் புகைபோக்கியில் கரி அடைந்தும், பழுது பார்ப்பாரின்றியும் பல அடுப்புகள் கைவிடப்பட்டன. மானியத்தால் மட்டும் அடுப்பு எரியாது; பராமரிப்பும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்க. பத்து லிட்டர் தண்ணீரைப் பழைய அடுப்பில் கொதிக்க வைத்து, செலவான விறகை நிறுத்துக் குறித்துக்கொள்க. அதே பாத்திரம், அதே விறகு கொண்டு புதிய அடுப்பிலும் செய்க. தராசு பொய் சொல்லாது. விற்பவர் இச்சோதனைக்கு இணங்காவிடில், அவ்வடுப்பு வேண்டாம்.

கடன் பெற்று வாங்குவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தவணை முடியுமுன் அடுப்பு அழிந்துவிடுமானால், இல்லாத பொருளுக்குப் பணம் கட்ட நேரிடும். பத்துப்பேர் சேர்ந்து ஒரே தரத்தில், எழுத்து மூலமான உத்தரவாதத்துடன் வாங்கினால் விலையும் குறையும், பழுதும் எளிதில் தீரும். கூட்டுறவின் பயன் இத்தகைய சிறு காரியங்களிலேயே முதலில் விளங்கும்.

பயிற்சி வினாக்கள்:
1. உங்கள் வீட்டு அடுப்பின் வாய் எத்திசை நோக்கியுள்ளது?
2. பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்க அதில் எவ்வளவு விறகு செலவாகிறது?