அன்னபான நிரோதமும் உண்ண மறுக்கும் நாயும்

(சிராவக ஒழுக்கப் பாடம்)



திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் வரும் நாயை நம் இல்லங்களில் அறியாதார் மிகச் சிலரே. வேள்விக்கென ஆக்கிய சோற்றைத் தீண்டியது என்னும் ஒரே குற்றத்திற்காக அந்நாய் அடிக்கப்பட்டு, உயிர் துடித்துக் கிடந்தது. அவ்வழி வந்த சீவகன் அதற்குப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு உற்ற இடத்தில் உதவிற்று.

அந்த நாய் உண்ண முற்பட்டதால் துன்புற்றது. இன்று நம் இல்லங்களுக்குப் புதிதாக வந்து சேரும் நாய்களுள் சில, உண்ண மறுத்துத் துன்புறுகின்றன. அவற்றோடு இல்லத்தாரும் துன்புறுகின்றனர். இந்த நிலையில் சிராவகன் செய்யத்தக்கது யாது, தவிர்க்கத்தக்கது யாது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

எங்கள் பேத்தி, ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் நாயைக் கொண்டுவந்தாள். வயது மூன்று இருக்கலாம் என்றனர். தெருவில் வளர்ந்து, பின்னர்ச் சில திங்கள் காப்பகத்தில் இருந்த நாட்டு நாய். 'செல்லி' எனப் பெயரிட்டோம்.

வந்த அன்று மாலை ஐந்தரை மணிக்கு, கதிரவன் மறையுமுன் நாங்கள் உண்ணும் வேளையில், அதற்கும் நெய்யிட்ட பருப்புச் சோறு வைத்தோம். குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. செல்லி முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் சென்று படுத்தது. மறுநாளும் அவ்வாறே. என் துணைவியார் கரண்டியும் கையுமாக அதன் பின்னே சென்று கெஞ்சினார். சோற்றை ஒதுக்கியபோது பிஸ்கட்டு கொடுத்தார், அதை உண்டது. மூன்றாம் நாள் முதல் சோற்றை முகர்வதையும் விட்டுவிட்டு, பிஸ்கட்டு வரும் திசையையே நோக்கியிருந்தது.

ஐந்தாம் நாள் மாலை எனக்குச் சினம் மூண்டது. "இவ்வளவு செய்தும் உண்ணாதோ? பட்டினி கிடக்கட்டும்!" என்று கிண்ணத்தை வெடுக்கென எடுத்துச் சென்றேன். செல்லி உடலை ஒடுக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டது. அப்போது என் துணைவியார், "ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் சொல்லும் அன்னபான நிரோதம் இதுதானே?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

அதிசாரம் எது?

உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவை உயிர்களைக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பனவாம். ஐந்தாவதாகிய அன்னபான நிரோதமே நம் பாடத்திற்குரியது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும், தன் விலங்கிற்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளியாத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முனிவர் வாக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

அதே அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்கிறது. எனவே செயலை மட்டும் நோக்கினால் போதாது. செயலின் பின்னுள்ள பாவத்தையும் நோக்க வேண்டும். உண்ணாத உணவை எடுத்துவிடுதல் என்னும் ஒரே செயல், சினத்தால் செய்யும்போது அதிசாரமாகும். விழிப்போடும் நன்னோக்கோடும் செய்யும்போது அதுவே மருத்துவமாகும். இவ்வேறுபாட்டை உணர்வதற்கு, நாய் ஏன் உண்ண மறுக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதற்படி: நோயை விலக்கி அறிதல்

உண்ணாமையைப் பிடிவாதம் என்று முடிவு செய்யுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் கடமையாகும். பல்வலி, ஈறு வீக்கம், குடற்புழு, உண்ணியால் பரவும் காய்ச்சல் ஆகியன பசியைக் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சல் நம் பகுதிகளில் மிகுதி. ஈறு வெளிறுதல், சோர்வு, மூக்கில் குருதி கசிதல் ஆகியன அதன் அறிகுறிகளுட் சில. தடுப்பூசி பெறாத குட்டி உண்ண மறுத்து, வாந்தியும் கழிச்சலும் கண்டால் பார்வோ நோயாக இருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது.

வளர்ந்த நாய் ஒரு முழுநாள் எதையும் உண்ணாவிடினும், குட்டி அரைநாள் உண்ணாவிடினும் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரையும் மறுத்தால் சிறிதும் தாழ்த்தலாகாது.

செல்லியைப் பரிசோதித்த மருத்துவர், காய்ச்சல் இல்லை, குருதியில் குறையில்லை என்றார். பின்பல் ஒன்று உடைந்திருந்ததைக் காட்டி அதற்கு மருத்துவம் செய்தார். பிறகு எங்களிடம், "நாயைக் காட்டிலும் நீங்கள் மாற வேண்டியது மிகுதி" என்றார்.

இரண்டாம்படி: அச்சத்தை அறிதல்

நாய் மனமுடைய ஐம்பொறி உயிர். நினைவும் அச்சமும் அதற்கு உண்டு. புதிய இல்லத்தில் ஒலி, மணம், முகம், தரை அனைத்தும் புதியவை. அஞ்சும் உடல் ஓடவோ ஒளியவோ ஆயத்தமாகிறது. அப்போது செரிமான உறுப்புகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே முதற் சில நாட்கள் குறைவாக உண்பது பல நாய்களுக்கு இயல்பே. இல்லத்தில் முழுமையாக அமைதிபெறப் பல வாரங்களும் ஆகலாம்.

தெருவில் வாழ்ந்த நாய்க்கு உணவின் அருகில் மனிதர் நிற்பது கல்லடியின் அடையாளம். நாங்கள் அன்பினால் சூழ்ந்து நின்றோம். செல்லியோ அதனை முற்றுகையாகக் கண்டது. ஆள் நடமாட்டமில்லாத மூலையில், வழுக்காத சாக்கின்மேல் கிண்ணத்தை வைத்துவிட்டு விலகிவிடுமாறு மருத்துவர் கூறினார். உண்ணும்போது உற்றுநோக்குதல், தடவுதல், கிண்ணத்தில் கையிடுதல் ஆகியவற்றைக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். உண்ணும் நாயைத் தொந்தரவு செய்தால் அது கடிக்கவும் நேரும்.

மூன்றாம்படி: வேளை அமைத்தல்

உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வயிற்றை அடையுமுன்பே, அதனைக் காண்பதாலும் முகர்வதாலும் உமிழ்நீரும் இரைப்பை நீரும் சுரக்கின்றன என்பதை அவர் காட்டினார். உணவுக்கு முன் வழக்கமாக எழும் ஒலியும் அச்சுரப்பைத் தூண்டும். அதற்காக அவர் நாய்களை அறுத்தது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், வேளை தவறாத உணவு பசியைத் தானே அழைத்துவரும் என்பது அதனால் விளங்குகிறது. நாள் முழுதும் கிண்ணத்தில் சோறு கிடந்தால் அந்த அழைப்பு எழாது.

ஆகவே வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இருவேளை, ஆறு திங்களுக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று அல்லது நான்கு வேளை என வகுக்க வேண்டும். உணவை வைத்து 15 முதல் 20 நிமிடம் வரை விட்டுவிட வேண்டும். உண்டாலும் உண்ணாவிடினும் கடிந்துரையாது கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். இடையில் பிஸ்கட்டு முதலியன கூடா. நீர்க்கிண்ணத்தை மட்டும் எக்காரணத்தாலும் எடுக்கலாகாது. அடுத்த வேளை உணவு தவறாமல் உரிய நேரத்தில் வர வேண்டும். உடல்நலமுள்ள வளர்ந்த நாய்க்கே இம்முறை பொருந்தும். குட்டிக்கும் நோயுற்றதற்கும் முதியதற்கும் பொருந்தாது.

எங்களுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. தெருவில் இரவு நேரத்தில் உணவுக்கடைக்காரர் எறிவதை உண்டே செல்லி வளர்ந்திருந்தது. மாலை ஐந்தரைக்கு அதற்குப் பசியே இல்லை. நாங்களோ இரவுணவு நீத்தவர்கள். இரவில் நாய்க்கு உணவிடலாமா என்று இல்லத்தில் வினா எழுந்தது. நன்கு எண்ணி, விரதம் ஏற்றவர் நாம், நாய் அன்று என்று தெளிந்தோம். பகலிலேயே ஆக்கி வைத்ததை முதலில் இரவு எட்டு மணிக்கு வைத்தோம். பின்னர் இரு நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் முன்தள்ளினோம். பத்தே நாளில் உணவுவேளை ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது. வலிந்து செய்திருந்தால் அது பத்துத் திங்களிலும் நடந்திராது.

நான்காம்படி: உணவைத் தேர்தல்

காப்பகத்தில் என்ன உண்டதோ அதனையே முதலில் கொடுக்க வேண்டும். செல்லி அங்கே தயிர்ச்சோறும் மரக்கறி உலர் தீவனமும் உண்டிருந்தது. நாங்கள் அதனைக் கேட்டறியாமல் ஒரே நாளில் மாற்றியது பெரும்பிழை. முதலிரு நாள் புதியது கால்பங்கு, அடுத்த இரு நாள் அரைப்பங்கு, பின்னர் முக்கால்பங்கு என ஒரு வாரத்தில் மாற்றுவதே முறை.

நாய்க்கு நாவின் சுவையினும் மூக்கின் மணமே பெரிது. ஆகவே உணவைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டில், சிறிது வெந்நீர் தெளித்துக் குழைத்து வைத்தால் மணம் எழும், விருப்பமும் எழும்.

மரக்கறி உணவு நாய்க்குத் தகுமா என்பது நம் இல்லங்களில் எழும் வினா. மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் நாயின் உடல் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயினும் மிகுதியாகப் பெற்றுள்ளது என 2013இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. புரதமும் உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் சரியாக அமைந்தால் மரக்கறி உணவில் நாய் வாழ இயலும். ஆனால் வெறும் தயிர்ச்சோறு முழு உணவாகாது. மருத்துவர் வகுத்தபடி பருப்பு, வேகவைத்த காய், கூட்டுச்சத்து அல்லது முழுச்சத்துள்ள மரக்கறித் தீவனம் வேண்டும். பூனைக்கு இது பொருந்தாது. புலாலுணவிலுள்ள சில சத்துகளின்றி அது நலிந்துவிடும். நம் விரதத்தின் சுமையை மற்றோர் உயிரின் உடல்மேல் ஏற்றினால், அதுவே அளவிறந்த பாரம் ஏற்றுதல் என்னும் அதிசாரமாகிவிடக் கூடும். ஆகவே கொண்டுவருமுன்பே எண்ண வேண்டும். மரக்கறிக்குப் பழகிய நாயைக் காப்பகத்திலேயே கேட்டுப் பெறுதல் நலம்.

விலக்க வேண்டியவை சில. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களை அழிப்பவை. நம்மில் பலர் விரதத்தால் நீத்தவை, நாய்க்கு உடலாலேயே விலக்கப்பட்டவை. திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட்டு ஆகியனவும் நஞ்சாகும். உப்பும் காரமும் மிகுந்த நம் குழம்பும், எச்சில் இலைச் சோறும் வேண்டா.

கஷாயம் நான்கும் கிண்ணத்தின் அருகில்

இப்போது நம் உள்ளத்தை நோக்குவோம். "பட்டினி கிடக்கட்டும்" என்றது குரோதம். "நான் ஆக்கியதை மறுப்பதா" என்றது மானம். கசப்பு மருந்தைச் சோற்றில் ஒளித்து ஏமாற்றுவது மாயை. ஒருமுறை ஏமாந்த நாய் அந்தக் கிண்ணத்தையே ஐயுறும். மருத்துவர் காட்டும் முறையில் மருந்தைத் தனியே கொடுத்தலே தக்கது. வீணாகிறதே என்று மிச்சத்தைத் திணிப்பது லோபம். ஒரு நாயின் முன் கிண்ணம் வைக்கும் சிறுபொழுதில் நான்கு கஷாயங்களும் வந்து நிற்பதை நான் என்னிடத்திலேயே கண்டேன். கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவதும் எப்போதும் தயை அன்று. அது உண்ணவில்லையே என்னும் நம் கலக்கத்தைத் தணித்துக்கொள்ளும் முயற்சியாகவும் அது இருக்கலாம்.

மருத்துவரிடம் சென்றுவந்த மறுநாள் காலை, இருபது நிமிடம் கழித்து உண்ணாத கிண்ணத்தை மீண்டும் எடுத்தேன். முன்னர் எடுத்த அதே கிண்ணம், அதே கை. ஆனால் நோயில்லை என்று அறிந்திருந்தேன்; நீர் அருகில் இருந்தது; அடுத்த வேளை உணவு ஆயத்தமாயிருந்தது; சினம் இல்லை. செல்லி இம்முறை உடலை ஒடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தது. அன்றிரவு கால்பங்கு உண்டது. ஒன்பதாம் நாள் கிண்ணம் காலியாயிற்று. இன்றும் நாங்கள் அருகில் நின்றால் அது உண்பதில்லை. நாங்கள் நிற்பதும் இல்லை.

சிராவக சிராவகியரே! இல்லத்திற்கு ஓர் உயிரைக் கொண்டுவருதல் எளிது. அதன் அச்சம் தீரும்வரை பொறுத்திருப்பதே விரதம். உண்ணவில்லை என்று சில நாளிலேயே திருப்பியனுப்பப்படும் நாய், மீண்டும் ஒருமுறை கைவிடப்பட்டதாகிறது. சீவகன் மந்திரம் ஓதியது ஒரு கணச் செயல். நம்மிடம் வேண்டப்படுவது சில வாரப் பொறுமை.

பயிற்சி வினாக்கள்

1. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனையும் கூறுக.
2. உண்ணாத உணவை எடுத்தல் எப்போது அன்னபான நிரோதம் ஆகும்? எப்போது ஆகாது?
3. மருத்துவரை உடனே நாட வேண்டிய அறிகுறிகள் யாவை?
4. உங்கள் இல்லத்தில் அண்மையில் ஓர் உயிரிடம் எந்தக் கஷாயம் கொண்டீர்? எண்ணிப் பார்த்து, பிரதிக்கிரமணத்தில் சேர்த்துக்கொள்க.

வளர்க ஜீவதயை!