டர்போ டிராக்டர்: கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் கவனிக்க 16 குறிப்புகள்

50 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர்களில் டர்போ எஞ்சின் இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. டர்போ என்பது அவ்வளவுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

எளிமையான பொருள்தான், ஆனால் படும் பாடு பெரிது. முழு லோடில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். புகை நுழையும் பக்கத்தில் சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பெரும்பாலான டர்போக்களில் தண்டைத் தாங்குவது புஷ்ஷுக்குள் ஓடும் மெல்லிய ஆயில் படலம்தான். சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் அதே ஆயில்தான். ஆகவே டர்போவைக் காப்பாற்ற இரண்டே விதிகள்: ஆயில் வந்து சேருமுன் லோடு கூடாது, சூடு இறங்குமுன் ஆயில் நிற்கக் கூடாது. கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

கிளப்புவதற்கு முன்

1. காலையில் சாவியைத் தொடும் முன் டிப் ஸ்டிக்கைத் தொடுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். வரப்பில் சாய்ந்து நிற்கும்போது பார்த்த அளவு பொய் சொல்லும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ, ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்ட வேண்டாம்.

2. கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். பல டர்போ டீசல் டிராக்டர்களுக்கு 15டபிள்யூ-40 ஆயில், சிஐ-4 தரத்தில் சொல்லப்பட்டிருக்கும். புகை வடிகட்டி வைத்த புது மாடல்களுக்கு வேறு தரம் வரும். பழைய டிராக்டருக்கு வாங்கி மிஞ்சியதை இதில் காலி செய்வது சிக்கனம் ஆகாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் ஒன்றாக மாற்றுங்கள். தேதியை மட்டும் பார்க்காமல் மணி மீட்டரையும் பார்த்து மாற்றுங்கள். நாள்பட்ட ஆயில்தான் சூட்டில் சீக்கிரம் கருகும்.

3. கியர் நியூட்ரலில், பிடிஓ அணைந்த நிலையில், கலப்பையோ ரோட்டவேட்டரோ தரையில் இறங்கிய நிலையில், கை ஆக்ஸிலேட்டர் குறைவாக இருக்கும்போது கிளப்புங்கள். ஹீட்டர் விளக்கு உள்ள வண்டியில் அது அணையும்வரை பொறுங்கள். நீலகிரி, கொடைக்கானல் குளிரில் இது மிக அவசியம். செல்ஃப் மோட்டாரை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நொடியில் கிளம்பாவிட்டால் விட்டு, சற்று ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

கிளப்பியதும்

4. முதல் அரை நிமிடம் ஆக்ஸிலேட்டர் பக்கம் கையும் காலும் போகக் கூடாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் சம்ப்பில் இறங்கியிருக்கும். பம்ப் அதை ஃபில்டர் வழியாக இழுத்து, ஒல்லியான குழாயில் டர்போவுக்கு ஏற்றச் சில நொடிகள் ஆகும். அதற்குள் ‘விர்’ரென்று ரேஸ் கொடுத்தால் தண்டு ஆயில் இல்லாமல் உலோகத்தோடு உலோகமாக உரசும். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

5. அதன்பின் இரண்டு, மூன்று நிமிடம் 1,000 சுற்றை ஒட்டி ஓடவிடுங்கள். மலைப்பகுதிக் குளிரில் ஐந்து நிமிடம் ஆகலாம். ‘சித்திரை வெயிலில் எதற்கு வார்ம்-அப்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் ஆயிலை இளக வைக்குமே தவிர, சம்ப்பிலிருந்து டர்போவுக்கு ஏற்றிவிடாது. கோடையிலும் ஒரு நிமிடமாவது கொடுங்கள்.

6. ‘நல்லது’ என்று கால் மணி நேரம் ஐடிலில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். டீசல் எஞ்சின் லோடு இல்லாமல் சரியாகச் சூடேறாது. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். எனவே இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டியை நகர்த்துங்கள். வீட்டிலிருந்து வயலுக்கு மிதமான வேகத்தில் ஓட்டிப் போவதுதான் மீதி வார்ம்-அப்.

7. வயலில் முதல் சுற்று லேசாக இருக்கட்டும். ரோட்டவேட்டரைக் குறைந்த ஆழத்தில் இறக்குங்கள். பிடிஓவைக் குறைந்த சுற்றில் போட்டு, பிறகு மெல்ல 540க்கு ஏற்றுங்கள். வெப்பமானி முள் பச்சைப் பகுதிக்கு வந்தபிறகு முழு வேலை வாங்கலாம்.

8. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியை நேராகக் கிளப்பிவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் நாப் உள்ள மாடலில், அந்த நாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடித்தால், எஞ்சின் பற்றாமலே ஆயில் மேலே ஏறும். அதன்பின் கிளப்புங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றிய அன்றும் இதே முறைதான். புது டர்போ மாட்டும்போது அதன் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பிறகு குழாயை மாட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஆர்டிஐ எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் வழியே வழி.

வேலை முடிந்ததும்

9. டர்போ அதிகமாகச் சாவது இங்கேதான். கடும் வேலை முடிந்த கையோடு சாவியைத் திருப்பினால் ஆயில் பம்ப் நின்றுவிடும். டர்போ சக்கரமோ இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அதைவிடக் கெடுதல் அடுத்து வருகிறது. புகைப் பக்கத்து இரும்பில் தேங்கிய சூடு தண்டின் நடுப்பகுதிக்குப் பரவும். அங்கே நகராமல் நிற்கும் ஆயில் கருகிக் கரியாகிப் படியும். அந்தக் கரி நாளடைவில் ஆயில் வழியை அடைத்து, புஷ்ஷையும் தண்டையும் தேய்க்கும். இதைத் தடுக்க, நிறுத்துமுன் மூன்று முதல் ஐந்து நிமிடம் குறைந்த ஐடிலில் ஓடவிடுங்கள். ஓடும் ஆயில் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

10. எல்லா வேலைக்கும் ஒரே கணக்கு வேண்டாம். கேஜ் வீல் மாட்டிய சேற்றுழவு, ரோட்டவேட்டர், வைக்கோல் பேலர், கரும்பு லோடு இழுப்பது எல்லாம் எஞ்சினைப் பிழிபவை. முழு ஐந்து நிமிடம் கொடுங்கள். வேலை முடிந்து வெறும் வண்டியாக மெல்ல ஓட்டி வீடு வந்திருந்தால், வழியிலேயே சூடு இறங்கியிருக்கும். ஒரு நிமிடம் போதும். காத்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டர் முன்வலையில் ஒட்டிய வைக்கோல், எங்காவது ஆயில் கசிவு, டயரின் நிலை என்று கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிடலாம். ஓடும் எஞ்சினுக்குள் மட்டும் கையை நீட்டாதீர்கள்.

11. நிறுத்துமுன் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கி, அந்த வேகத்திலேயே அணைப்பது பழைய வண்டிகளிலிருந்து வந்த பழக்கம். டர்போவுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. சக்கரத்தை உச்ச வேகத்துக்கு ஏற்றிவிட்டு, அதே நொடியில் ஆயிலை நிறுத்துகிறோம்.

12. டீக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்தும்போதும் விதி மாறாது. மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லோடோடு வரிசையில் நின்றால், வந்ததும் ஆறவிட்டு நிறுத்துங்கள். மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் டீசலும் வீண், எஞ்சினில் கரியும் சேரும்.

13. சேற்றில் சிக்கி லோடு தாங்காமல் எஞ்சின் தானாக நின்றுவிட்டால், ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று இறங்கிவிடாதீர்கள். பிடிஓவை அணைத்து, நியூட்ரலுக்கு மாற்றி, உடனே திரும்பக் கிளப்பி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். டீசல் தீர்ந்து நிற்பதும் டர்போவுக்கு இதே சூட்டுச் சாவுதான். டேங்கை அடிவரை காயவிடாதீர்கள். வெப்பமானி முள் சிவப்பை நெருங்கினால் லோடை விலக்கி ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு: ஆயில் விளக்கு எரிந்தாலோ ரேடியேட்டர் தண்ணீர் கொட்டிப்போனாலோ, அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

14. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம்-4 புகை விதி 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த வகையில் சில மாடல்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கும். அதில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போது டேஷ்போர்டில் விளக்கு எரியும். சைலன்சர் கடும் சூடாக இருக்கும். பாதியில் அணைக்காமல் முடியவிடுங்கள். அப்போது வண்டி காய்ந்த வைக்கோல் மேலோ போர் அருகிலோ நிற்கக் கூடாது.

எப்போதும் கவனிக்க

15. ஏர் ஃபில்டர் வழியாகத் தப்பி வரும் மண், டர்போவின் காற்றுச் சக்கரத்தை அரிக்கும். புழுதி உழவுக் காலத்தில் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். ஹோஸ், கிளிப் தளர்ந்திருந்தால் முறுக்குங்கள். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். டர்போ கூடு விரிசல் விடலாம். டிராக்டரை லாரியில் ஏற்றி அனுப்பும்போது சைலன்சர் வாயை மூடிக் கட்டுங்கள். திறந்திருந்தால் எதிர்காற்று டர்போவைச் சுழற்றும். எஞ்சின் ஓடாததால் ஆயில் இருக்காது.

16. டர்போ முன்கூட்டியே சேதி சொல்லும். வழக்கத்துக்கு மாறான கூர்மையான விசில் சத்தம், நீலப் புகை, ஆயில் அளவு காரணமின்றிக் குறைவது, கரும்புகையோடு இழுவை குறைவது ஆகியவை அந்த அறிகுறிகள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஹோஸைக் கழற்றித் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு தேய்மானத்தில் பிடித்தால் பழுதோடு போகும். சக்கரம் உடைந்து துண்டு உள்ளே போனால் எஞ்சினுக்கே கேடு.

ஐந்து நிமிட ஐடிலுக்கு ஒரு டம்ளர் டீசல்கூட ஆகாது. ஆனால் வாடகைக்கு மணிக்கணக்கில் ஓட்டும் வண்டியில் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள், கிளப்பும் மூன்று நிமிடத்தையும் நிறுத்தும் ஐந்து நிமிடத்தையும் வேலை நேரத்திலேயே சேர்த்துக் கொடுங்கள். உங்கள் மாடலின் கையேடு இங்கே சொன்னதற்கு வேறாக ஏதும் சொன்னால், கையேட்டின்படியே நடந்துகொள்ளுங்கள்.